ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் அக்கம்பக்கத்துச் சத்தம்: புதுச்சேரிக்கும் கடலூருக்கும் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

வீடு பிடித்து, பால் காய்ச்சி, பெட்டி படுக்கையெல்லாம் பிரித்து வைத்த பிறகுதான் பலருக்கு அந்தச் சத்தம் தெரியவருகிறது. பகலில் வீடு பார்க்க வந்தபோது தெரு அமைதியாக இருந்திருக்கும். ராத்திரி பதினொன்றுக்கு விளக்கை அணைத்துப் படுத்தால் எங்கிருந்தோ 'உம்ம்ம்' என்று ஒரு மோட்டார் ஓடும். ஒயிட் டவுன் பக்கம் என்றால் மொட்டை மாடி உணவகத்தின் பாட்டு, கடலூர் முதுநகர்ப் பக்கம் என்றால் ஐஸ் கம்பெனி, வேறெங்காவது ஜெனரேட்டர். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டால் வேலை, சமையல், பிள்ளைகளிடம் பேசும் தொனி எல்லாமே மாறிவிடும். இது சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச்சங்கத்தில் இப்படி வந்து நின்றவர்கள் பலரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் முதலில் போய்ச் சொல்வது, "சத்தம் தாங்கலை, நிறுத்துங்க" என்பதுதான். அது எதிரில் இருப்பவர் காதில் "உன் பிழைப்பை நிறுத்து" என்று விழுகிறது. அதோடு பேச்சு முடிந்துபோகும். எந்த இயந்திரம், எந்த நேரம், என்ன மாற்றம் வேண்டும் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறவர்களுக்குத்தான் வேலை நடந்து பார்த்திருக்கிறேன். கீழே இருக்கும் படிகள் எல்லாம் அந்த மூன்றையும் கையில் எடுப்பதற்காகத்தான்.

முதலில் சொந்த வீட்டைச் சோதியுங்கள்

சத்தம் கேட்கும் நேரத்தில் எழுந்து வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். ஃபிரிட்ஜ், தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டி, ஏ.சி. எல்லாம் ஓயட்டும். இன்வெர்ட்டர் இருந்தால் அதைத் தனியாக அணைக்க வேண்டும். மெயினை அணைத்ததும் அது பேட்டரியில் ஓடத் தொடங்கித் தானே ஒரு ரீங்காரம் கொடுக்கும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். சத்தம் போய்விட்டால் எலக்ட்ரீஷியனையோ ஏ.சி. மெக்கானிக்கையோ கூப்பிட்டால் போதும்.

போகவில்லை என்றால் அடுத்தது காது. இரண்டு காதையும் விரலால் அடைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் சத்தம் பெரும்பாலும் குறையும். குறையாமல் இன்னும் தெளிவாகக் கேட்டு, வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் படுக்கும்போதும் தொடர்ந்தால் அது காதிரைச்சலாக இருக்கலாம். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது, அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. இந்தச் சோதனையை அவமானமாக நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் ஆன பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

வீட்டில் இன்னொருவரையும் கேட்கச் சொல்லுங்கள். ஒருவருக்குப் பெரிதாகக் கேட்கும் தாழ்ந்த முழக்கம் இன்னொருவர் காதில் ஏறவே ஏறாது. "எனக்குக் கேக்கலையே, உனக்குத்தான் பிரமை" என்று வீட்டுக்குள்ளேயே சண்டை வருவது இதனால்தான். இருவரும் சொல்வது உண்மையாக இருக்கக்கூடும்.

எங்கிருந்து வருகிறது?

ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த அறையில் அதிகம், காற்று எந்தப் பக்கம் வீசியது, கரண்ட் இருந்ததா. இரண்டு மூன்று வாரம் எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியவரும். விட்டுவிட்டு ஓடினால் அது ஃபிரீசர் அல்லது ஏ.சி.யின் கம்ப்ரசர். கரண்ட் போகும்போது நின்றால் மின்மோட்டார். கரண்ட் போன பிறகே தொடங்கினால் ஜெனரேட்டர். சனி ஞாயிறு மட்டும் என்றால் சுற்றுலாக்காரர்களை நம்பி நடக்கும் கடையோ விடுதியோ. அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் பால் வண்டி, டீக்கடை கிரைண்டர், மாவு மில், மேலே தண்ணீர் ஏற்றும் மோட்டார் என்று தேடலாம்.

கரண்ட் போகும் நேரத்தை வீணாக்காதீர்கள். தெரு முழுக்க இருட்டானதும் உங்கள் சத்தம் நின்றதா என்று மட்டும் கவனியுங்கள். அந்த ஒரு நிமிடம் பாதித் தேடலை முடித்துக் கொடுக்கும்.

அப்புறம் நடக்க வேண்டும். தனியாகப் போகாமல் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, சத்தம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் தெருவைச் சுற்றி வாருங்கள். முன்தெருவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், பின்தெருவுக்கும் போங்கள். புதுச்சேரியின் பழைய தமிழர் குடியிருப்பு வீடுகள் திண்ணையோடு வரிசையாகச் சுவரைப் பங்கிட்டுக் கட்டப்பட்டவை. உங்கள் படுக்கையறையின் பின்சுவர் அடுத்த தெருவில் இருக்கும் ஒரு கடையின் சுவராக இருக்கக்கூடும், அந்தக் கடையின் முகத்தைக்கூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. எதிர்வீட்டு லேத் பட்டறைதான் காரணம் என்று உறுதியாக நம்பினார்கள். பட்டறை அண்ணனோடு பேச்சே நின்றுபோயிற்று. பொங்கலுக்குப் பட்டறை மூடியிருந்த நாட்களிலும் அதே முழக்கம். பின்தெருவில் இருந்த ஒரு பேக்கரியின் ஃபிரீசர் கம்ப்ரசரை இரும்புத் தாங்கியில் மாட்டிப் பொதுச்சுவரில் போல்ட் அடித்து வைத்திருந்தார்கள். பேக்கரிக்காரருக்கு அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு படுக்கையறை இருப்பதே தெரியாது. கம்ப்ரசரைத் தரையில் ஸ்டாண்டு போட்டு, அடியில் ரப்பர் வைத்ததும் சத்தம் போய்விட்டது.

கடலோர ஊர் என்பதால் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து வீசும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்து காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பும். அதனால் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மேற்கே தொலைவில் இருக்கும் சத்தம் இரவில்தான் வந்து சேரும். காற்றடங்கிய தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கும். பகலில் கேட்காத ரயில் ஹார்ன் பின்னிரவில் காதருகே கேட்பது அதனால்தான். ஒரு நாள் பலமாக, மறுநாள் இல்லவே இல்லை என்றால் மூலம் தொலைவில் இருக்கிறது, காற்று கொண்டுவருகிறது என்று கொள்ளலாம். காற்று எப்படி அடித்தாலும் ஒரே மாதிரி கேட்டால் அது சுவர் வழியாக வருகிறது.

சுவர் வழி வருவதை உறுதிசெய்ய சுவரில் காதை வைத்துக் கேளுங்கள், பிறகு உள்ளங்கையை வையுங்கள். கட்டில் காலிலும் வைத்துப் பாருங்கள். அதிர்வு கைக்குத் தெரிந்தால் ஜன்னலுக்குப் பணம் செலவழிப்பது வீண்.

ஊமை முழக்கம்

'உம்ம்ம்' என்று தாழ்ந்து ஒலிக்கும் இந்த முழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆட்களை அதிகம் வதைப்பதும், அதிகாரிகளால் அதிகம் தட்டிக்கழிக்கப்படுவதும் இந்த வகைச் சத்தம்தான்.

நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை, அதாவது 50 ஹெர்ட்ஸில் துடிப்பது. அதில் ஓடும் மோட்டார்களும் கம்ப்ரசர்களும் 50 ஹெர்ட்ஸை ஒட்டியும், டிரான்ஸ்ஃபார்மர்கள் 100 ஹெர்ட்ஸிலும் முழங்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். இவ்வளவு நீண்ட அலைக்கு ஜன்னல் கண்ணாடி, திரைச்சீலை, மரக்கதவு எதுவும் பெரிய தடையில்லை. அறைக்குள் நுழைந்ததும் சுவர்களுக்கிடையே மோதி சில இடங்களில் கூடும், சில இடங்களில் குறையும். மூலைகளில் கூடுதலாகவும் அறையின் நடுவில் குறைவாகவும் இருக்கும். நாம் கட்டிலைப் போடுவதோ மூலையில், தலையைச் சுவரோடு ஒட்டி. அந்த அறையில் முழக்கம் அதிகம் கேட்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். கட்டிலை இரண்டடி நகர்த்திப் பாருங்கள், தலைமாட்டை மாற்றிப் பாருங்கள். காசில்லாத வைத்தியம் என்பதால் பலர் இதைச் செய்வதில்லை. செய்தவர்களில் சிலருக்கு அன்றைக்கே தூக்கம் வந்திருக்கிறது.

அளப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. சட்டத்தில் சொல்லப்படுவது 'டெசிபல் ஏ' என்ற அளவு. அது மனிதக் காதின் உணர்வுக்கு ஏற்றபடி தாழ்ந்த ஒலிகளைக் கழித்துக் கணக்கிடும்; 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடும். எனவே உங்கள் மண்டையைக் குடையும் முழக்கம் கருவியில் வெறும் 35 என்று காட்டலாம். "அளவுக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படி வரும்போது 'டெசிபல் சி' அளவிலும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே 20 டெசிபல் அளவுக்கு வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த ஒலிதான் மேலோங்கி இருக்கிறது என்று பொருள். கைப்பேசிச் செயலிகளிலும் இந்த இரண்டு அளவுகளையும் மாற்றிப் பார்க்கலாம். எந்த அதிர்வெண்ணில் முழக்கம் இருக்கிறது என்று படமாகக் காட்டும் செயலிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் 50-ஐ ஒட்டியோ 100-இலோ ஒரு கூர்முனை நின்றால் மின்சாதனம்தான் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். கைப்பேசி அளவு சாட்சியமாக ஏற்கப்படாமல் போகலாம். ஆனால் எதைத் தேடுவது என்று உங்களுக்கே தெளிவு தரும்.

எந்த அரசாங்கத்திடம் போக வேண்டும்?

வேறு ஊரிலிருந்து வருகிறவர்கள் இங்கேதான் அலைக்கழிக்கப்படுகிறார்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசமும் தமிழ்நாடும் இங்கே துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. இன்னும் போனால் காலாப்பட்டு, மறுபடி புதுச்சேரி. தெற்கே கடலூர் சாலையில் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி முள்ளோடையோடு புதுச்சேரி முடிந்து கடலூர் மாவட்டம் தொடங்குகிறது. எல்லையோரத்தில் வீடு ஒரு பக்கமும் சத்தம் போடும் கொட்டகை மறு பக்கமும் இருப்பது அதிசயமில்லை.

உங்கள் மின்கட்டண ரசீதைப் பாருங்கள். புதுச்சேரி மின்துறையா, தமிழ்நாட்டு மின்வாரியமா என்பது அதில் இருக்கும். ஆனால் கணக்கில் வருவது சத்தம் கிளம்பும் இடம். அந்தக் கட்டடத்தின் மின்மீட்டர் பெட்டியையோ கடைப் பலகையில் உள்ள முகவரியையோ பார்த்து உறுதிசெய்யுங்கள்.

புதுச்சேரி என்றால் காவல் நிலையம், புதுச்சேரி நகராட்சி அல்லது உழவர்கரை நகராட்சி, கிராமப்புறம் என்றால் கொம்யூன் பஞ்சாயத்து, புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம், மேலே மாவட்ட ஆட்சியர். கடலூர் என்றால் காவல் நிலையம், கடலூர் மாநகராட்சி, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், ஆட்சியர். கடலூரில் திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவை நேரில் கொடுக்கலாம். தமிழ்நாட்டு முதல்வரின் உதவி மைய எண் 1100-உம் உண்டு. நள்ளிரவில் ஒலிபெருக்கி அலறினால் இரு பக்கத்திலும் 112. எல்லையோரத்தில் இருந்து கூப்பிடும்போது தெருப்பெயரோடு எந்த மாநிலம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போலீசுக்கு முன்னால், பேச்சு

சத்தம் கேட்கும் ராத்திரியில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். உங்களுக்கும் கோபம், அவருக்கும் தூக்கக் கலக்கம். மறுநாள் காலை பத்து பதினொன்றுக்கு, கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போங்கள். ஊருக்குப் புதியவர் என்றால் தெருவில் எல்லோரும் மதிக்கும் ஒரு பெரியவரையோ வீட்டுக்காரரையோ கூட்டிக்கொண்டு போவது நல்லது. பேச்சு இப்படி இருக்கலாம்:

"வணக்கம் அண்ணே. பின்தெருவுல புதுசா குடிவந்திருக்கோம். உங்க ஃபிரீசர் மோட்டார் எங்க படுக்கையறைச் சுவர்ல ஒட்டி இருக்கு போல. ராத்திரி சுவரே அதிருது, பாப்பா முழிச்சுக்குது. ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்து கேட்டுப் பாக்கறீங்களா?"

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அவர் வந்து உங்கள் கட்டிலில் உட்கார்ந்து காதால் கேட்டுவிட்டால் வாதமே தேவைப்படாது. அவர் கடையில் நின்றால் அந்த மோட்டார் சத்தமாகவே தெரியாது, பத்து வருஷமாக அதோடு வாழ்கிறவர்.

மாற்றத்தை நீங்களே கையில் கொண்டு போங்கள். சுவரில் மாட்டிய ஏ.சி. வெளிப்பெட்டி, கம்ப்ரசர் என்றால் தரைக்கு இறக்கி அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர். தண்ணீர் மோட்டார் என்றால் ரப்பரோடு, குழாய் சுவரைத் தொடும் இடங்களில் கிளிப்புக்கு உள்ளே ரப்பர்த் துண்டு, இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஓடாதபடி டைமர். எக்ஸாஸ்ட் விசிறி என்றால் தேய்ந்த பேரிங் மாற்றுவதும், ஒரு பக்கம் பிசுக்கு ஏறிய இறக்கையைத் துடைத்துச் சமன்செய்வதும்தான் பல நேரங்களில் முழுத் தீர்வு. ஜெனரேட்டருக்கு ஒலியடக்கும் கூண்டு சட்டப்படியே வேண்டும்: 1000 கே.வி.ஏ. திறன் வரையிலான டீசல் ஜெனரேட்டர் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. கூண்டின் கதவைக் காற்றுக்காகத் திறந்தே வைத்திருப்பார்கள், அதைச் சாத்தச் சொல்லுங்கள். மொட்டை மாடிப் பாட்டுக்கு, ஸ்பீக்கரை வீடுகள் இல்லாத பக்கம் திருப்பி, 'பாஸ்' என்ற தாழ்ந்த ஒலியைக் குறைத்தாலே பெரும் வித்தியாசம் தெரியும்.

செலவில் பங்கு தரத் தயார் என்று சொல்வது உங்கள் விருப்பம். ரப்பர் பேடு போன்ற சின்னச் செலவுக்கு நானாக இருந்தால் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். ஒத்துக்கொண்டதை அன்று மாலையே வாட்ஸப்பில் "நன்றி அண்ணே, அடுத்த வாரம் ரப்பர் வைக்கறேன்னு சொன்னீங்க" என்று மரியாதையாக ஒரு வரி அனுப்பி வையுங்கள். பின்னால் மனு எழுத வேண்டி வந்தால் அது உதவும்.

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடமும் எழுத்தில் சொல்லிவையுங்கள். முன்பணம் திரும்பக் கேட்கும் நாள் வந்தால் பேச ஆதாரம் இருக்கும்.

எல்லாச் சத்தத்துக்கும் இந்தப் பாதையில் இறங்காதீர்கள். ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழா, வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர், மாசி மகம், தெருவில் ஒரு சாவு என்றால் அது ஊரின் வாழ்க்கை, ஒன்றிரண்டு நாளில் முடியும். புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் தெருவெல்லாம் ஜெனரேட்டர் ஓடுவதும் அப்படித்தான். 2011 தானே புயலையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊர் இது. அந்த நாட்களில் போய்ப் புகார் சொன்னால், பிறகு நியாயமான புகாருக்கும் யாரும் உங்களோடு நிற்க மாட்டார்கள்.

பேச்சு பலிக்காதபோது: சட்டம் என்ன சொல்கிறது

அடிப்படை, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றிய அமைதி மண்டலத்தில் 50, 40. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் படுக்கையறைக்குள் 30 டெசிபல் என்று பரிந்துரைத்தது, நம் எல்லைகள் வீட்டுக்கு வெளியே அளப்பவை.

பலரும் இந்த எண்களோடு நின்றுவிடுகிறார்கள். எண்ணே தேவைப்படாத பிரிவுகள்தான் சாமானியர்களுக்கு அதிகம் பயன்படும். திறந்த இடத்தில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. எழுத்துமூல அனுமதி இல்லாமல் பகலிலும் கூடாது. திருவிழாக்களுக்காக நள்ளிரவு பன்னிரண்டு வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவில் சத்தம் போடும் கட்டுமான இயந்திரங்களை ஓட்டக் கூடாது. இந்த இரவுக் கட்டுப்பாடுகள் மீறப்பட்டாலே புகார் கொடுக்கலாம், கருவியில் அளந்து காட்ட வேண்டிய கட்டாயமில்லை. மற்றச் சத்தங்களுக்கு, எல்லையை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் என்கிறது 7-ஆவது விதி. ஊமை முழக்கம் இந்தக் கணக்கில் சிக்காது. அதற்கு 8-ஆவது விதி இருக்கிறது: எந்தத் தொழிலாலோ இயந்திரத்தாலோ மக்களுக்குத் தொந்தரவு, இடைஞ்சல், உடல்நலக் கேடு என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், அந்தச் சத்தத்தைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ எழுத்தில் உத்தரவிடலாம். உங்கள் மனுவில் இந்த விதி எண்ணைக் குறிப்பிடுங்கள்.

அந்த அதிகாரி யார் என்பதும் விதியிலேயே இருக்கிறது: மாவட்ட மாஜிஸ்திரேட் (ஆட்சியர்தான்), காவல் ஆணையர், அல்லது துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாமல் இதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர். ஆகவே காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவின் நகலை ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

மத நிகழ்ச்சிகளின் ஒலிபெருக்கி பற்றிப் பேசவே பலர் தயங்குகிறார்கள். பிறர் அமைதியைக் குலைத்துப் பிரார்த்திக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரு சென்னை வழக்கில்தான். 2005 தீர்ப்பில், அமைதியாக வாழ்வது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையின் பகுதி என்றது. ஆனாலும் கோவிலோ, சர்ச்சோ, மசூதியோ எதுவானாலும் முதலில் நிர்வாகிகளிடம் போங்கள். கூம்பு ஸ்பீக்கரின் வாயை வேறு பக்கம் திருப்புவது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை.

மனு எழுதும் முறை

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கோபம் வேண்டாம். ஒரு மாதிரி:

"எனது வீட்டின் பின்புறம் … தெரு, எண் …-இல் இயங்கும் கடையின் ஃபிரீசர் கம்ப்ரசர் எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் பொருத்தப்பட்டுள்ளது. தினமும் இரவு 10 முதல் காலை 6 வரை விட்டுவிட்டு இயங்கி, படுக்கையறையில் தூங்க முடியாத அளவுக்கு அதிர்வும் முழக்கமும் ஏற்படுகிறது. … தேதிகளில் உரிமையாளரிடம் நேரில் கேட்டுக்கொண்டும் மாற்றம் இல்லை. நேரக் குறிப்பேட்டின் நகலை இணைத்துள்ளேன். இரவு நேரத்தில் நேரில் ஆய்வு செய்து, ஒலி மாசு விதிகள், 2000-இன் 8-ஆவது விதியின்படி, கம்ப்ரசரைச் சுவரிலிருந்து அகற்றித் தரையில் அதிர்வு தாங்கிகளுடன் அமைக்க உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன்."

'இரவு நேரத்தில்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பகல் மூன்று மணிக்கு வந்து, சாலை இரைச்சலுக்கு நடுவில் நின்று, "ஒண்ணும் கேக்கலையே" என்று எழுதிவிட்டுப் போன ஆய்வுகள் உண்டு.

பாதிக்கப்படும் மற்ற வீட்டாரின் கையெழுத்தையும் வாங்குங்கள். தமிழ்நாட்டில் காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். எந்த அலுவலகமானாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு மாதம் ஆகியும் அசைவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், அந்தக் கடைக்கு உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா, எத்தனை குதிரைத்திறன் மோட்டாருக்கு அனுமதி, உங்கள் மனுமீது என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. கேள்வி போன பிறகு கோப்பு நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதற்கும் மேல் போக வேண்டுமானால் இரண்டு வழி. பல வீடுகள் பாதிக்கப்பட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவில், பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவு கேட்டு கடலூரில் கோட்டாட்சியரிடமும் புதுச்சேரியில் சப் கலெக்டரிடமும் மனு போடலாம். அந்தப் பிரிவு பார்ப்பது பொதுமக்களின் நலனை, அதனால்தான் கூட்டுக் கையெழுத்து முக்கியம். உங்கள் ஒரு வீடு மட்டும்தான் என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்க வேண்டும். வழக்குக்கு முன்னால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொலைபேசி எண் 15100. அவர்கள் நடத்தும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) நீதிமன்றக் கட்டணம் இல்லை. எதிர்த்தரப்புக்கு நீதிமன்ற வளாகத்திலிருந்து அழைப்பு போனதுமே பல பேர் இறங்கி வருகிறார்கள். அங்கே எழுதிக் கையெழுத்தாகும் சமரசம் தீர்ப்புக்குச் சமம்.

அதுவரை தூங்க வேண்டுமே

ஜன்னல் வழி வரும் சத்தத்துக்கு இடுக்கை அடைப்பதுதான் முதல் வேலை. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே ரப்பர் பீடிங், கதவின் அடியில் தடுப்புப் பட்டை. சுவரில் ஒட்டும் முட்டைத்தட்டு வடிவ ஃபோம் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அதை வாங்கி ஏமாறாதீர்கள். ஃபோம் காதடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே செலுத்தி, விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். வெறுமனே திணித்தால் பயனில்லை. ஊமை முழக்கத்துக்குக் காதடைப்பான் அவ்வளவாக உதவாது. அதற்கு டேபிள் ஃபேன் ஒன்றைத் தலைமாட்டுக்கு அருகே ஓடவிடுவதும், ஏற்கெனவே சொன்ன கட்டில் மாற்றமும் உதவும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஜன்னலை அடைத்துவிட்டால் ஃபேன் எப்படியும் வேண்டும்.

கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அவர் எழுதித் தரும் சீட்டு உடம்புக்கும் உதவும், மனுவோடு இணைக்கவும் உதவும்.

வீடு மாறுவதென்று முடிவானால்

எல்லாம் செய்தும் நடக்காத இடங்கள் உண்டு. அங்கே உடம்பைக் கெடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் போராடுவதைவிட வேறு வீடு பார்ப்பதே சரி என்பது என் எண்ணம், குறிப்பாகக் கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில். அடுத்த வீட்டை மூன்று நேரம் பாருங்கள்: சனிக்கிழமை இரவு பதினொன்று, ஒரு சாதாரண நாளின் விடியற்காலை ஐந்து, கரண்ட் போன நேரம் ஒன்று. படுக்கையறையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். பொதுச்சுவர்களில் கை வையுங்கள். மாடியேறிச் சுற்றிலும் ஜெனரேட்டர் கூண்டு, ஏ.சி. பெட்டிகளின் வரிசை, கூம்பு ஸ்பீக்கர், கல்யாண மண்டபம், காலி மனை எங்கே என்று பாருங்கள். காலி மனையில் நாளை கட்டட வேலை தொடங்கும். பின்தெருவில் டீக்கடை இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு, "இந்த வீட்டுல முன்ன இருந்தவங்க ஏன்ணே காலி பண்ணினாங்க?" என்று கேளுங்கள். முன்பணம் கொடுப்பது அதற்கப்புறம்.